அப்ளிகேசனும் பதினோரு புளியமரமும்

அந்தக் காலத்தில் கள்ளக்குறிச்சி தாலுகாவில் பிளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டு நிம்மதியாக இருந்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது. ஃபெயில் ஆனவர்கள் கவலையில்லாமல் சினிமாவுக்குப் போனார்கள். பாஸ் ஆனவர்கள்தான் சந்து சந்தாக ஒளிந்தார்கள். காரணம் ஒரே ஒரு மனுஷர். அவர் பெயர் அப்ளிகேசன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு இருந்தது. அவருடைய கடிதங்களின் அடியில் அதை நானே எத்தனையோ தடவை டைப் அடித்திருக்கிறேன். ஆனால் டீக்கடைக்காரரிலிருந்து தபால்காரர் வரை எல்லாருக்கும் அவர் அப்ளிகேசன்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அப்படித்தான் வாயில் வருகிறது.

அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். சைக்கிள் கேரியரில் ஒரு தகரப்பெட்டி. பெட்டி நிறைய சென்னை, டெல்லி, பம்பாய் என்று பெரிய பெரிய கல்லூரிகளின் விண்ணப்பப் படிவங்கள். இந்தியாவில் எங்கெல்லாம் நல்ல படிப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் எங்கள் தாலுகாவின் ஏழைப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர் தீர்மானம். அவரும் சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் படித்தவர்தான். எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போன முதல் ஆள். விடுதியில் ஊர்ப் பேச்சுப் பேச ஒரு ஆள் இல்லாமல் மூன்று வருஷம் தவித்தாராம். பட்டம் வாங்கியதும் வேலை தேடாமல், அடுத்த ஆளைத் தேடிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டார். காலையில் நெல் மண்டியில் எடை போடும் வேலை. மண்டி முடிந்ததும் பிள்ளை பிடிக்கும் வேலை.

கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரரிடம் குழம்பு எப்படி என்று கேட்கமாட்டார். "உங்க வூட்ல பிளஸ் டூ யாருங்க?" என்பார். ஒரு தடவை சாவு வீட்டில் மாலை போடப் போனவர், செத்தவரின் பேரன் கணக்கில் நூற்றுக்கு நூறு என்று காதில் விழுந்ததும் அப்படியே குந்திவிட்டார். பறைச் சத்தம் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். பாடை கிளம்புவதற்குள் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். தகப்பனார் அழுதுகொண்டே போட்ட கையெழுத்து. பையன் இன்று வெளிநாட்டில் பேராசிரியர்.

நான் அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். வடக்கனந்தலிலிருந்து தினமும் டவுன் பஸ். குத்தகை நிலத்தை நம்பிய குடும்பம். பிளஸ் டூவோடு படிப்பு நின்றது, டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்ளிகேசன் தினமும் சாயந்திரம் நாலு கடிதத்தோடு வருவார். "டைப்பிஸ்ட்டம்மா, கொஞ்சம் அவசரங்க" என்பார். மூன்று வருஷத்தில் அவசரமில்லாத கடிதம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அவர் ஒரு சங்கம் வைத்திருந்தார். சங்கத்துக்கு முன்னால் ரப்பர் ஸ்டாம்பு வந்துவிட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் அவரே. அலுவலக முகவரி என்று எங்கள் இன்ஸ்டிடியூட்டின் கதவு எண்ணைப் போட்டுக்கொண்டார், யாரையும் கேட்கவில்லை. ஒருநாள் டெல்லியிலிருந்து 'தலைவர் அவர்களுக்கு' என்று தபால் வந்ததும் எங்கள் ஓனர் பாய் கீழே கடையிலிருந்து மாடிக்கு ஏறி வந்துவிட்டார்.

"என் கட்டடத்துல நீ தலைவரு. அப்ப நான் யாருப்பா?"

"நீங்க புரவலருங்க."

"புரவலர்னா இன்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாங்க. திட்டாம இருந்தா போதும்."

பாய் திட்டாமல் கீழே இறங்கிப் போனார். அடுத்த வாரம் அவர் தங்கை மகளின் மார்க் ஷீட் என் மேஜைக்கு வந்தது.

சங்கத்தின் சொத்து என்று இருந்தது ஒரு கறுப்புக் கோட்டு மட்டும்தான். யாரோ ஒரு ஆறடி வக்கீலின் பழைய கோட்டு. மேல் பித்தான் இல்லை. பெரிய கல்லூரிக்குப் போகிற போட்டோவில் பிள்ளை கோட்டு போட்டிருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. ஆணோ பெண்ணோ, யாராக இருந்தாலும் அந்தக் கோட்டுதான். ஸ்டூடியோவில் முதுகுப் பக்கம் துணி கிளிப் ஏழெட்டு மாட்டி இழுத்துப் பிடிப்பார். முன்னால் பார்த்தால் கலெக்டர், பின்னால் பார்த்தால் கொடிக்கயிறு. தாவணிக்கு மேல் கோட்டு போட்ட பெண்களின் போட்டோக்களைப் படிவத்தில் ஒட்டும்போது எனக்குச் சிரிப்பு தாங்காது. அவர் சிரிக்கமாட்டார். "இது இன்னிக்குத்தாங்க தொளதொளன்னு இருக்குது. நாலு வருஷம் கழிச்சுப் பாருங்க" என்பார்.

அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதை இப்போது சுலபமாக எழுதிவிடுகிறேன். அப்போது அவர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டால் மிஷினில் பேப்பர் கோணலாகச் சொருகுவேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவர் என்னிடம் படிவத்தைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

கல்வராயன் மலைக்கு மாதத்தில் இரண்டு தடவையாவது ஏறுவார். தகரப்பெட்டியோடு வருகிற ஆளைப் பார்த்து முதலில் ஊசி போட வந்தவர் என்று ஊரே காட்டுக்குள் ஓடியதாம். வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சின்ன ஊரில் காளியம்மா என்ற பெண். கீழே கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் பிளஸ் டூ முடித்துவிட்டு மலைக்கே திரும்பிப் போனவள். பௌதிகத்தில் அவள் வாங்கிய மார்க்கை அப்ளிகேசன் பாட்டு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார். அவள் அப்பா சாமை விதைத்துக் கடுக்காய் பொறுக்குகிறவர். மூன்று தடவை போனபோதும் வாயே திறக்கவில்லையாம். நாலாவது தடவை ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"அங்க போனா எங்க புள்ள திரும்பி வருமா?"

"வராதுங்க. லீவுக்கு வரும்" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

இதை என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டேன். பொய் சொல்லிப் பிள்ளையை வாங்கக்கூடாது என்றார். காளியம்மாவின் அப்பா ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டுக் காலையில் மகளின் சான்றிதழ்களை மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தாராம்.

காளியம்மா சென்னையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளாக இருந்தாள். கடைசியில் இடம் ஒன்று காலியாகிக் கடிதம் வந்தது. குறிப்பிட்ட நாளில் மாலை ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு. கடிதம் வந்த அதே வாரம்தான் எங்கள் பக்கம் இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்துக்குப் போனது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. பல ஊர்களிலிருந்து கெட்ட செய்திகள் வந்துகொண்டிருந்தன. சிரிக்கிற வாரமே இல்லை அது. எங்கள் சொந்தக்காரர்களும் மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது படிப்பும் வேலையும்தான், அதில் தப்பு சொல்ல எதுவுமில்லை.

கெடுவுக்கு முந்தின நாள் விடிகாலையில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் மணி. அப்ளிகேசனும், மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்த காளியம்மாவும். சின்னசேலத்திலிருந்து ரயில் ஓடுகிறதாம், அதைப் பிடித்துவிட்டால் விருத்தாசலம் போய் அங்கிருந்து சென்னைக்கு மாறிவிடலாமாம். வயசுப் பெண்ணைத் தனியாகக் கூட்டிப் போனால் வழியில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அதனால் சின்னசேலம்வரை நானும் கூட வர வேண்டும். அம்மா முறைத்தாள். "சாயந்திரம் வந்துடுவோங்க" என்று அவர் மனசாரச் சொன்னார். பொய் சொல்லிப் பிள்ளையை வாங்கக்கூடாது என்று சொன்ன அதே மனுஷர். அந்தச் சாயந்திரம் எனக்கு இன்னும் வரவில்லை.

நான் பக்கத்து வீட்டு சைக்கிளில். காளியம்மாவைக் கேரியரில் உட்காரச் சொன்னால் நடப்பதே வேகம் என்றாள். உண்மையிலேயே எங்களுக்கு முன்னால்தான் போனாள்.

முதல் மரத்தில் இருபது பேர் இருந்தார்கள். ஒரு ஈகூட இந்தப் பக்கம் போகாது என்றார் முன்னால் நின்றவர்.

"போவக்கூடாதுங்க, நானும் அதான் சொல்றேன்" என்று அப்ளிகேசன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். மரத்தின் மேலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். "சீட்டு கண்டிப்பா கெடைக்குங்க. கெடச்ச அன்னிக்கு அதுல யாரு குந்தப் போறாங்க? உங்க வூட்ல பிளஸ் டூ யாரு?"

அந்தக் கேள்வியை அவர்களிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை. முன்னால் நின்றவரே தன் அண்ணன் மகள் இருக்கிறாள் என்றார். மார்க்கு எத்தனை என்று இவர் கேட்டார். ஆள் அனுப்பி மார்க் ஷீட்டை எடுத்து வரச் சொன்னார்கள். அரை மணி நேரம் போயிற்று. படிவம் நிரம்பியது. எங்கள் சைக்கிள்களை அவர்களே தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள்.

இரண்டாவது மரத்திலும் இதே கதை. மூன்றாவது மரத்தில் என் சொந்த மாமா உட்கார்ந்திருந்தார். நீ இன்னா இந்த ஆளோட, என்று என்னைக் கேட்க வாயெடுத்தவர், அடுத்த நிமிஷம் தன் மகனுடைய மார்க்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவது மரத்தில் நான் பொறுமை இழந்தேன். மலையிலிருந்து வந்த பெண்ணின் ஒரு சீட்டு போகப் போகிறது, நீங்கள் இங்கே கடை விரித்திருக்கிறீர்கள் என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் பேனாவை மூடிக்கொண்டு எழுந்தார். அடுத்த மரத்தில் உட்காரமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

ஆனால் எங்களுக்கு முன்னால் செய்தி போய்விட்டது. ஏழாவது மரத்தில் மறியல் செய்கிறவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு மார்க் ஷீட்டோடு. காலையில் போகவிடமாட்டோம் என்றவர்கள் இப்போது இவரை விடமாட்டோம் என்றார்கள். பெட்டியில் படிவம் தீர்ந்துவிட்டது. நாளை மறுநாள் புதுப் படிவங்களோடு இதே இடத்துக்கு வருகிறேன் என்றார். நம்பவில்லை. கடைசியில் பெட்டியின் அடியில் இருந்த சங்கத்தின் ஒரே சொத்தை எடுத்து மரக்கிளையில் மாட்டினார்.

"கோட்ட வச்சுக்கோங்க. இத வுட்டுட்டு நான் எங்கயும் போவ முடியாது."

அதற்குப் பிறகு நாலு மரம். அங்கேயும் மார்க் ஷீட்டோடு நின்றார்கள். ஏழாவது மரத்தில் கோட்டு இருக்கிறது, அங்கே வாருங்கள் என்று சொன்னதும் வழிவிட்டார்கள். சின்னசேலம் ஸ்டேஷனுக்கு நாங்கள் மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். ரயில் நாலு மணி நேரம் தாமதம். வந்த ரயிலில் தனியாக ஏறமாட்டேன் என்று காளியம்மா நின்றுவிட்டாள், நாங்கள் இரண்டு பேரும் கூடவே ஏறிவிட்டோம்.

மறுநாள் மத்தியானம் பல்கலைக்கழகத்தில் கிளார்க் சான்றிதழ்களைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், எழுந்து போய்ப் பழைய ஃபைல்களை எடுத்து வந்து மேஜையில் பரப்பினார். நாலு வருஷத்து நாலு பிள்ளைகள். நாலு பேரும் அதே கோட்டில். நாலு கோட்டிலும் மேல் பித்தான் இல்லை. ஏதோ போலி ஆள்களை அனுப்பும் கூட்டம் என்று முடிவுகட்டி எங்களை அதிகாரி அம்மாவின் அறைக்குக் கொண்டுபோனார்.

"இந்தக் கோட்டு இப்ப எங்க?" என்றார் அந்த அம்மா.

"புளியமரத்துல மாட்டிக்கினு இருக்குதுங்க" என்றார் அப்ளிகேசன்.

மணி நாலைத் தாண்டியிருந்தது. அந்த அம்மா காளியம்மாவிடம் திரும்பி, கோட்டு யாருடையது என்று கேட்டார்.

"கோட்டு யாருதுன்னு தெரியாதுங்க. மார்க்கு என்னுதுங்க" என்றாள் அவள்.

அந்த அம்மா அவளைப் பௌதிகத்தில் ஏதோ கேட்டார். அவள் சொன்னாள். இன்னொன்று கேட்டார், அதையும் சொன்னாள். கையெழுத்து விழுந்தபோது ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

சந்தோஷம் விடுதி வாசல்வரைதான் இருந்தது. உள்ளே போகச் சொன்னதும் காளியம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். தன்னை ஊருக்கே கூட்டிப் போகச் சொன்னாள். பதினோரு மரம் தாண்டி வந்தது இதற்கா என்று நான் கேட்டேன். அவள் அழவில்லை, பிடிவாதமாகத் தரையையே பார்த்தாள். "அக்கா இங்க இருந்தா நானும் இருக்கறேன்" என்றாள்.

அப்ளிகேசன் அவளைப் பார்த்தார். விடுதியில் பேச ஆளில்லாமல் தவித்த மூன்று வருஷம் அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். தற்காலிக டைப்பிஸ்ட் தேவை என்று ஒரு காகிதம் அதில் ஒட்டியிருந்தது. ஆபீசுக்குப் போய்ப் படிவம் வாங்கி வந்துவிட்டார்.

வேண்டாம் என்று சொல்வார், வாங்க போகலாம் என்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் பேனாவைத் திறந்தார்.

"நான் இங்க இருந்தா உங்களுக்கு யாரு டைப் அடிப்பாங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான் என்னால் கேட்க முடிந்தது.

"கையால எழுதிக்கறேங்க" என்றார், தலையைத் தூக்காமல்.

சுவரில் வைத்து நின்றுகொண்டே நிரப்பினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா பெயர், பிறந்த தேதி, டைப்பிங் ஹையர் பதிவு எண் எல்லாம் மனப்பாடமாக எழுதினார். எப்போதோ ஒரு தடவை என் சான்றிதழ்கள் அவர் கண்ணில் பட்டிருக்கும். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். எழுத்தைப் பார்க்கும் நிலையில் கண் இல்லை. படிவத்தைக் கொடுத்துவிட்டு, விடுதி வார்டனிடம் எனக்கு இரண்டு நாள் தங்க இடம் கேட்டுவிட்டு, ஏழாவது மரத்தில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை ஆபீஸ் கிளார்க் என்னைக் கூப்பிட்டார். என் மஞ்சள் பையில் டைப்பிங் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழும் இருந்தன. சின்னசேலம் போகத்தானே என்று கிளம்பியவளிடம் எதற்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் சொன்னவர் அவர்தான். அதைப் படிவத்தோடு ஒத்துப் பார்த்த கிளார்க் முகத்தைச் சுளித்தார். "எல்லாம் சரியா இருக்கு. அங்க அடையாளம் மட்டும் ஒத்துவரல. சர்டிபிகேட்ல முழங்கால்ல தழும்பு, வலது கையில மச்சம்னு இருக்கு. இதுல பிடரியில, கூந்தலுக்குக் கீழே, சிறு மச்சம்னு எழுதியிருக்கீங்களே. அப்படி ஒண்ணு இருக்கா?"

தெரியாது என்றேன். உங்கள் கழுத்துதானேம்மா என்று சிரித்தார். அடித்துவிட்டுச் சான்றிதழில் இருப்பதை எழுதிக் கொடுத்தேன். ஒரு புள்ளி மாறினாலும் புதுப் படிவம் வாங்கி முதலிலிருந்து எழுதுகிற மனுஷர் செய்த ஒரே தப்பு அது.

அன்று சாயந்திரம் காளியம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னலைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன்.

"இருக்குதுக்கா. எள்ளு அத்தினிதான். கிட்ட நின்னு பாத்தாதான் தெரியும்."

மூன்று வருஷம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுதான் அவர் கடிதம் சொல்லுவார். எழுத்துப் பிழை பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

தற்காலிக வேலை நிரந்தரமாகி, அங்கேயே ரிட்டயரும் ஆனேன். போன புதிதில் அவருக்கு இரண்டு கடிதம் போட்டேன், மச்சத்தைப் பற்றி எழுதத் தைரியம் வரவில்லை. பதிலாக அவர் அனுப்பியது தபால் வழி பி.ஏ. படிவம். நிரப்பி அனுப்பினேன், படித்தும் முடித்தேன். வருஷா வருஷம் ஜூன் மாதம் ஒரு பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நிற்கும், கையில் 'இவருக்கு உதவவும்' என்று ஒரு சீட்டு, அடியில் ரப்பர் ஸ்டாம்பு. எல்லாம் கையால் எழுதியவை. ஒரு வருஷம் ஜூன் வந்தது, பிள்ளை வரவில்லை. ஊருக்குப் போய்த் தேடினேன். மலைமேல் போய்விட்டார் என்றார்கள் சிலர். படிக்க வைத்த பையன் ஒருவன் வடக்கே கூட்டிப் போய்விட்டான் என்றார்கள் சிலர்.

காளியம்மா இப்போது பௌதிகப் பேராசிரியர். லீவுக்கு மலைக்குப் போய்விட்டு வரும்போது என்னையும் பார்த்துவிட்டுப் போகிறாள். மற்ற நாளில் வீட்டில் நான் மட்டும்தான். முடி நரைத்துவிட்டது. மச்சம் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. இருக்கும் என்று நம்பி, தலை பின்னும்போது அந்த இடத்துக்கு வந்ததும் கையைக் கொஞ்சம் மெதுவாகக் கொண்டுபோகிறேன்.